ரட் காலத்தில் ஸ்கிரேப் பார்த்து வெள்ளைவால் கடா வேட்டை: முழுமையான வழிகாட்டி

அக்டோபர் கடைசி வாரத்தில், மான்களின் இனச்சேர்க்கைக் காலமான ரட் நெருங்கும்போது, விஸ்கான்சின், மினசோட்டா, மிச்சிகன் பக்கம் எந்தக் காட்டுக்குள் நடந்தாலும், உதிர்ந்த இலைகளை ஒதுக்கித் தள்ளி மண்ணைக் கீறிவைத்த இடங்கள் கண்ணில் படும். வெள்ளைவால் கடாமான்கள் குளம்பால் பறித்த இடங்கள் அவை. வேட்டைக்காரர்கள் ஸ்கிரேப் என்பார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு உற்சாகம் தாங்காது. கடா இங்கே வந்திருக்கிறது, திரும்பவும் வரும், பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்று தோன்றும். அப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். கடா ஸ்கிரேப்புக்கு வருவது பெரும்பாலும் இரவில். பகலில் வரும் பெரிய கடாவோ பல நேரம் ஸ்கிரேப்பைத் தொடுவதே இல்லை. முப்பது நாற்பது கஜம் தள்ளி நடந்தபடியே காற்றில் மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடும்.

அதனால் ஸ்கிரேப் வேட்டையில் உட்கார வேண்டிய இடம், கடா மோப்பம் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்தப் பாதை. உட்கார வேண்டிய காலம், ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கத்தான். தேதிகளும் நிலமும் விஸ்கான்சினை வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மானின் மூக்கு எங்கும் ஒன்றுதான்.

காட்டுக்குள் போவதற்கு முன்

இது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து வேட்டையாடுபவர்களுக்கான வழிகாட்டி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் வரலாறே வேறு. 1900 வாக்கில், சந்தையில் இறைச்சி விற்பதற்காக வரைமுறையில்லாமல் சுட்டுத் தள்ளியதில், நாடு முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்களே மிஞ்சியிருந்தன. இன்று சுமார் மூன்று கோடி இருக்கின்றன. பருவமும் எண்ணிக்கையும் வகுத்த வேட்டைச் சட்டங்கள், மீண்டும் வளர்ந்த காடு, 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நாம் கட்டும் மத்திய வரி அந்தச் சட்டத்தின் வழியாக வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. உரிமம் எடுக்காமல் வேட்டையாடுவது அதிலிருந்து திருடுவதற்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் காட்டினால்தான் உரிமம் கிடைக்கும். ஆன்லைனில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு நேரில் ஒரு நாள் போய்வரும் வகுப்பும் உண்டு. முடிந்தால் முழுவதும் நேரில் நடக்கும் வகுப்புக்கே போங்கள். உள்ளூர் வேட்டைக்காரர்கள்தான் பாடம் எடுப்பார்கள். பிற்பாடு சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும்.

நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாள் அந்த விலக்கும் இல்லை. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூடச் சிக்கலாகலாம். குடியேற்ற வழக்குரைஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வில்லுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தக் கவலையும் இல்லை.

உண்மையில் ஸ்கிரேப் வேட்டைக்கு இங்கே வில்தான் ஏற்ற ஆயுதம். வில், குறுக்குவில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமைதான் தொடங்கும். அதற்குள் ஸ்கிரேப் சூடு பெரும்பாலும் அடங்கிவிடும். துப்பாக்கிப் பருவம் நடக்கும்போது காட்டில் இருந்தால், வில்லோடு போனாலும், இடுப்புக்கு மேலே குறைந்தது பாதி உடை பளிச்சென்ற ஆரஞ்சாகவோ பிங்காகவோ இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதற்கும் இதே விதி.

படி 1: ஸ்கிரேப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கீழே மண்ணைப் பார்ப்பதற்கு முன் மேலே பாருங்கள். உண்மையான ஸ்கிரேப்புக்கு நேர் மேலே, தரையிலிருந்து நாலரை, ஐந்து அடி உயரத்தில் ஒரு கிளை தாழ்ந்து தொங்கும். அதன் நுனி ஒடிந்தோ, மென்று நார் நாராகியோ இருக்கும். அந்தக் கிளைதான் முக்கியம், மண் அதற்கு அடுத்ததுதான். கடா முதலில் கிளையை வாயில் கவ்வி நக்கும். பிறகு நெற்றியையும் கண்ணோரச் சுரப்பியையும் அதில் தேய்க்கும். அதன் பிறகுதான் முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். குளம்பின் பிளவுக்குள் இருக்கும் சுரப்பியின் வாசமும் மண்ணில் ஏறும். கடைசியாகப் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால் பக்கத்தில் இருக்கும் மயிர்க்கற்றையின் மேல் வழியும்படி சிறுநீர் கழிக்கும். அந்த மயிர்க்கற்றை ரட் காலத்தில் கறுத்துப்போய் நாறும். வயதான கடாவை அடையாளம் காண அதுவும் ஒரு வழி.

மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் குசினோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஜான் ஓசோகா 1980-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். கிளைகளை மான்களுக்குத் தோதான உயரத்தில் வளைத்துக் கட்டியதும் அவற்றின் அடியில் கடாக்கள் தாமாகவே ஸ்கிரேப் போட்டன. இதை மனதில் வையுங்கள், போலி ஸ்கிரேப் செய்யும்போது உதவும்.

இப்போது மண்ணுக்கு வாருங்கள். குனிந்து, கையால் தொடாமல், நிதானமாகப் பாருங்கள். புதியதாக இருந்தால் மண் ஈரமாகவும் கறுப்பாகவும் இருக்கும். உதிர்ந்த இலை ஒன்றுகூட அதன்மேல் கிடக்காது. நவம்பர் தொடக்கத்தில் ஓக் இலைகள் விடாமல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் ஓர் இரவு தாண்டினாலே நாலைந்து இலையாவது விழுந்திருக்கும். பறித்த இலையும் மண்ணும் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். கடா பின்னோக்கித்தான் பறிக்கும், அதனால் குவியலுக்கு எதிர்ப்பக்கம்தான் அது முகம் வைத்து நின்ற திசை. ஒரே தடத்தில் நாலைந்து ஸ்கிரேப் இருந்து எல்லாவற்றிலும் குவியல் ஒரே பக்கம் என்றால், கடா அந்த வழியில் எந்தத் திசையில் போகிறது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. காலையில் படுக்கைக்குத் திரும்பும் வழியா, மாலையில் மேய்ச்சலுக்குப் போகும் வழியா என்று அதிலிருந்து ஊகிக்கலாம். நடுவில் பதிந்த குளம்புத் தடத்தை விரல்களால் அளந்து பார்ப்பார்கள் சிலர். தடத்தின் அளவை வைத்துக் கொம்பைக் கணக்கிட முடியாது, அதை நம்பாதீர்கள்.

படி 2: நாட்காட்டியைச் சரியாக வையுங்கள்

ரட் எப்போது வரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குளிர் வந்தால் வரும், பௌர்ணமிக்கு வரும் என்பார்கள். பகல் பொழுது குறைவதுதான் அதைத் தூண்டுகிறது. அதனால் ஓர் ஊரில் வருடா வருடம் ஏறக்குறைய அதே தேதியில்தான் வரும். குளிர் செய்வது ஒன்றுதான்: பகலில் மான் நடமாட்டத்தைக் கூட்டும். சினைக்காலம் சுமார் 200 நாள். வடக்கே நவம்பர் நடுவில் சினைப்பட்டால் குட்டி மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ பிறக்கும், புல் தழைத்திருக்கும் நேரம். அதனால்தான் வடக்கில் ரட் இவ்வளவு இறுக்கமாக நடக்கிறது. தெற்கே போகப் போகத் தளர்ந்துவிடும். தெற்கு டெக்சஸில் டிசம்பர், அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரி. டல்லஸ் பக்கமோ பர்மிங்ஹாம் பக்கமோ இருப்பவர்கள் உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்சினில் செப்டம்பர் கடைசியிலேயே அங்கங்கே ஸ்கிரேப் தலைகாட்டும். அக்டோபர் நடுவில் கூடும். அக்டோபர் 25 முதல் நவம்பர் 5, 6 வரை உச்சம். கடாக்களுக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியிருக்கும், பெட்டைகள் இன்னும் பருவத்துக்கு வந்திருக்காது. வேறு வேலையில்லாமல் ஸ்கிரேப் ஸ்கிரேப்பாகச் சுற்றும் இந்த நாட்கள்தான் நமக்கானவை. லீவு எடுக்க முடிந்தால் அக்டோபர் 28-இல் தொடங்கும் வாரத்தில் எடுங்கள்.

நவம்பர் 8, 10 வாக்கில் பெட்டைகள் ஒவ்வொன்றாகப் பருவத்துக்கு வரத் தொடங்கியதும் ஸ்கிரேப்கள் சட்டென்று அநாதையாகிவிடும். இலை மூடிவிடும், யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். பருவத்துக்கு வந்த பெட்டை ஒரு நாள், ஒன்றரை நாள்தான் கடாவை ஏற்கும். அந்த நேரம் முழுக்கக் கடா அதன் பின்னாலேயே ஏதாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாரத்தில் ஸ்கிரேப் பரணில் உட்கார்ந்திருப்பது வீண். பெட்டைகள் படுக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கும் குறுகலான வழிகளுக்கு மாறிவிடுங்கள். சினைப்படாத பெட்டைகள் சுமார் 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். டிசம்பர் தொடக்கத்தில் சில ஸ்கிரேப்கள் திரும்பவும் திறக்கும் காரணம் அது. அப்போதைய கடா களைத்த கடா. ரட்டில் உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம்வரை இழந்திருக்கும். தீனிக்குப் பக்கத்து ஸ்கிரேப்களை மட்டும் அப்போது கவனித்தால் போதும்.

படி 3: நூறில் எதை எடுப்பது

வயல் ஓரத்தில், திறந்த வெளியில் தெரியும் ஸ்கிரேப்கள் எண்ணிக்கையில் அதிகம், பயனில் குறைவு. இரவில் மேய வரும் கடாக்கள் போகிற போக்கில் போட்டவை. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தடத்தோரமாக வரிசையாக இருப்பவை திசை காட்டும், அவ்வளவுதான்.

தேட வேண்டியது காட்டுக்குள் மறைவாக, பல தடங்கள் சேரும் இடத்தில் இருக்கும் பெரிய ஸ்கிரேப். மூன்றடி, நான்கடி அகலம், பள்ளமாகத் தேய்ந்த மண், மேலே ஒன்றுக்கு மூன்று கிளைகள் நார் நாராகக் கிடக்கும். சுற்றிலும் கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரங்கள் இருக்கும். ஊர் முச்சந்தி டீக்கடை மாதிரி இந்த இடம். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் வந்து போவார்கள். ஒரே ஸ்கிரேப்பைப் பல கடாக்கள் பயன்படுத்துவதையும், பெட்டைகள்கூட வந்து கிளையை மோந்துவிட்டுப் போவதையும் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரா வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆய்வில் சுமார் 85 சதவீத வருகை இருட்டில்தான். அதனால் இரண்டாவது சல்லடை ஒன்று வேண்டும்: அந்த ஸ்கிரேப் கடா பகலில் படுக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கம்? நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் அடர்ந்த புதரோ, மரம் வெட்டிய பிறகு முளைத்த இளங்காடோ, சதுப்போரமோ இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே அது அங்கே தலைகாட்ட வாய்ப்பு உண்டு. வயலுக்குப் பக்கம், படுக்கைக்குத் தூரம் என்றால் எவ்வளவு பெரிய ஸ்கிரேப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தென்மேற்கு விஸ்கான்சினின் டிரிஃப்ட்லெஸ் பகுதியில், கடைசிப் பனியுகத்தின் பனித்தட்டு தொடாத அந்தக் குன்றும் பள்ளத்தாக்குமான நிலத்தில், இத்தகைய இடங்களை வரைபடத்திலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழும் கணவாய், சரிவில் சமதளமாக ஓடும் படி போன்ற பகுதி, வயல் காட்டுக்குள் முனையாக நுழையும் மூலை. உயரக்கோடு வரைபடத்தைப் போனில் வைத்து இந்த மூன்றையும் முதலில் குறியுங்கள், பிறகு காலால் நடந்து சரிபாருங்கள். சொந்த நிலம் இல்லையே என்று தயங்க வேண்டாம். லோயர் விஸ்கான்சின் ஸ்டேட் ரிவர்வே, கிக்கப்பூ வேலி ரிசர்வ், வடக்கே செகுவாமிகன்-நிக்கோலே தேசியக் காடு எல்லாவற்றிலும் பொதுமக்கள் வேட்டையாடலாம். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து அரை மைல் தாண்டினால் ஆள் நடமாட்டம் வெகுவாகக் குறையும்.

படி 4: கேமரா

ஒன்றோ இரண்டோ போதும். ஸ்கிரேப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மானின் கண் மட்டத்தில் வைத்தால் வயதான கடா அதைக் கண்டு விலகிப்போகும். படத்தைவிட வீடியோ நல்லது. எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். கேமராவைப் பார்க்க அடிக்கடி போகாதீர்கள். நடுப்பகலில், காற்றோ மழையோ இருக்கும் நாளில், ரப்பர் பூட்ஸோடு போய் வாருங்கள்.

தேட வேண்டியது கொம்பின் அழகை அல்ல, நேரத்தை. இரவு 11 மணிக்கு வந்த கடா, மறுநாள் 8 மணிக்கு, அதற்கடுத்த நாள் 6.30-க்கு என்று நெருங்கிவந்தால் உடனே போய் உட்காருங்கள்.

படி 5: காற்று, பரண் கட்டும் இடம்

இந்த வேட்டையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் படி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

வடமேற்குக் காற்று என்றால் அது வடமேற்கிலிருந்து வந்து தென்கிழக்காகப் போகிறது. ஸ்கிரேப்பின் வாசமும் தென்கிழக்காகவே பரவும். வயதான கடா அந்தத் தென்கிழக்குப் பக்கத்தில், ஸ்கிரேப்பிலிருந்து 30 முதல் 50 கஜம் தள்ளி, மறைவை ஒட்டிக் குறுக்காக நடந்து, யார் வந்துபோனார்கள் என்று மோந்து தெரிந்துகொள்ளும். இப்போது நீங்கள் ஸ்கிரேப்பிலிருந்து தென்கிழக்கே 20 கஜத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்கிரேப்புக்கு வரும் மான் உங்களை மோக்காது, உண்மை. உங்களுக்குப் பின்னால் நடக்கும் கடாவோ உங்கள் வாசத்துக்குள்ளேயே நடக்கிறது. அது வந்தது, நின்றது, திரும்பியது எதுவுமே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அதனால் பரண் அந்த மோப்பப் பாதைக்கும் அப்பால் இருக்க வேண்டும். பாதை ஸ்கிரேப்பிலிருந்து 40 கஜம் என்றால் பரண் 55, 60 கஜம். அங்கிருந்து ஸ்கிரேப்புக்கு அம்பு எட்டாது, பரவாயில்லை. பாதை 15, 20 கஜத்தில் இருக்கிறது, அது போதும். பாதை எங்கே என்று கண்டுபிடிக்க, காற்று போகும் பக்கமாக ஸ்கிரேப்பைச் சுற்றி அரைவட்டம் நடந்து பாருங்கள். லேசாகத் தேய்ந்த தடம், ஓரிரண்டு உரசிய மரங்கள், விழுந்த மரத்தையோ புதரையோ ஒட்டி நடக்கத் தோதான வழி, இப்படி ஏதாவது அகப்படும்.

இன்னொரு நல்ல அமைப்பு உண்டு. ஸ்கிரேப்பை ஒட்டி, காற்று போகும் பக்கத்தில் செங்குத்தான சரிவோ ஆழமான ஓடையோ இருந்தால் கடாவால் அந்தப் பக்கம் சுற்றி வர முடியாது. அங்கே மட்டும் ஸ்கிரேப்புக்கு 20 கஜத்தில், சரிவின் விளிம்பில் உட்காரலாம். உங்கள் வாசம் பள்ளத்தின் மேல் மிதந்து போய்விடும். இப்படி ஓர் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

குன்று நிலத்தில் இன்னொரு காற்றும் இருக்கிறது. மாலையில் குளிரும் காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கும்; காலையில் வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலெழும். வானிலைச் செயலி வடமேற்கு என்று சொன்னாலும், சாயங்காலம் 4.30-க்கு அந்தப் பள்ளத்தாக்கில் உங்கள் வாசம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். மேட்டில் இருக்கும் பரண்களைக் காலைக்கும், பள்ளத்தில் இருப்பவற்றை மாலைக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காற்று எங்கே போகிறது என்று பார்க்க எருக்கு வகைச் செடியான மில்க்வீட் காயின் பஞ்சைவிட நல்ல கருவி எதுவும் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் நாலு காய் பறித்து வைத்துக்கொண்டு, பரணில் அரைமணிக்கு ஒன்றாக ஒரு பஞ்சை விடுங்கள். பவுடர் பாட்டில் இரண்டடி தூரம்தான் காட்டும். பஞ்சோ ஐம்பது கஜம் மிதந்து, எங்கே சுழல்கிறது எங்கே இறங்குகிறது என்று கண்முன்னே காட்டிவிடும்.

காற்று சரியில்லை என்றால் அந்தப் பரணுக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் காத்திருக்க வேண்டி வந்தாலும் சரி. ஒரே ஸ்கிரேப்புக்கு இரண்டு காற்றுக்கு இரண்டு மரம் பார்த்து வைப்பது நல்ல பழக்கம். போகும் வழியும் வரும் வழியும் இதே கணக்கில்தான்: மான் தடத்தைக் குறுக்கே வெட்டாமல், முடிந்தால் ஓடைக்குள்ளேயே நடந்து போங்கள்.

படி 6: போலி ஸ்கிரேப்

நல்ல பரண் மரம் இருக்கிறது, ஆனால் ஸ்கிரேப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றால் நாமே ஒன்று செய்யலாம். செப்டம்பர் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். பாதைக்குப் பக்கத்தில் ஒரு கிளையை ஐந்தடி உயரத்துக்கு வளைத்துக் கட்டுங்கள். கிளை இல்லையென்றால் காட்டுத் திராட்சைக் கொடியையோ தடித்த சணல் கயிற்றையோ தொங்கவிடலாம். அடியில் இரண்டு மூன்றடி அகலத்துக்கு இலையை ஒதுக்கி, குச்சியால் மண் தெரியக் கீறிவிடுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம்.

மான் மூத்திரம் ஊற்றலாமா என்று கேட்பார்கள். தேவையில்லை என்பது என் கருத்து; கிளை சரியாக இருந்தால் அவையே வரும். பண்ணை மான்களிடமிருந்து எடுத்துப் புட்டியில் விற்கும் மூத்திரத்தின் வழியாக நோய் பரவலாம் என்ற அச்சத்தில் வர்ஜீனியா உட்படச் சில மாநிலங்கள் அதைத் தடையே செய்துவிட்டன.

படி 7: உட்கார்ந்திருக்கும் நாள்

உயிர் பாதுகாப்பு முதலில். வேட்டை விபத்துகளில் பரணிலிருந்து விழுவதுதான் பெரிய பங்கு. முழு உடல் சேணத்தை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்; தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றோடு அதை இணைத்துவிட வேண்டும், மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பது கூடாது. விழுபவர்களில் பலர் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். வில்லையும் குண்டு நீக்கிய துப்பாக்கியையும் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ஏறியவர்கள் பெரும்பாலும் 9 மணிக்கு இறங்கிவிடுகிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் அப்படி இறங்காதீர்கள். இரவெல்லாம் சுற்றிய கடா, கொஞ்சம் படுத்து எழுந்து, 10 முதல் 1 மணி வரைக்குள் படுக்கைக்குப் பக்கத்து ஸ்கிரேப்களை ஒரு சுற்றுப் பார்த்துவரும். இட்லியோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போய் மதியம்வரை உட்காருங்கள். ஒரு இரவு மழை பெய்து விடிகாலையில் நின்றால் அன்று எந்த வேலையையும் தள்ளி வைக்கலாம். வாசம் கழுவிப்போன ஸ்கிரேப்களைப் புதுப்பிக்கக் கடாக்கள் கிளம்பிவிடும்.

உறுமல் குழல் ஒன்று கையில் இருக்கட்டும். கடா கண்ணுக்குத் தெரிந்து, விலகிப்போனால் மட்டும் மெதுவாக இரண்டு உறுமல். நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் கடாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

படி 8: அம்பு, அதற்குப் பிறகு

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நம்மிடமிருந்து சற்றே விலகி. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. நேருக்கு நேர் நிற்கும் மான், ஓடும் மான், கிளைகளுக்கு நடுவே தெரியும் மான் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வலியில்லாமல் விரைவாகச் சாகும் உரிமை அதற்கு இருக்கிறது. அதை உறுதியாகத் தர முடியாதபோது வில்லைத் தாழ்த்துவதுதான் வேட்டைக்காரரின் கடமை.

எய்த பிறகு உடனே இறங்காதீர்கள். மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொண்டு காத்திருங்கள். அம்பில் இளஞ்சிவப்பாக, நுரைத்த ரத்தம் இருந்தால் நுரையீரல்; அரைமணி போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையாக, இரைப்பை நாற்றத்தோடு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடி, யாருக்கும் பயனில்லாமல் எங்கோ செத்துக் கிடக்கும். தடம் தவறினால் மோப்ப நாய் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். வாரில் பிடித்த நாயைக் கொண்டு தேட இங்கே அனுமதி உண்டு.

மான் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் டிஎன்ஆர் என்கிற மாநில இயற்கை வளத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். போனிலேயே முடித்துவிடலாம்.

பிறகு ஒன்று, இறைச்சி சாப்பிடுவதற்கு முன். சிடபிள்யூடி என்னும் மூளையைத் தின்னும் நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2002-இல் விஸ்கான்சினில் மேடிசனுக்கு மேற்கே கண்டுபிடிக்கப்பட்டு, இன்று தென்பகுதி மாவட்டங்களில் பரவலாக இருக்கிறது. பிரியான் என்ற புரதத்தால் வரும் இந்த நோய் சமைத்தாலும் அழியாது. மனிதர்களுக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. டிஎன்ஆர் இலவசமாகச் சோதித்துத் தரும். தலையைக் கழுத்தின் மேல்பகுதியோடு சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும். முடிவு வரும்வரை இறைச்சியை எலும்பு நீக்கித் தனியே உறைய வையுங்கள், நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள். முதுகுத்தண்டை ரம்பத்தால் அறுக்க வேண்டாம். துப்பாக்கியில் சுட்டவர்கள் செம்புத் தோட்டா பயன்படுத்துங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் காயத்திலிருந்து வெகுதூரம்வரை சிதறியிருக்கும், குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம்.

மார்ச்சில் பனி உருகியதும் ஒருமுறை காட்டுக்குப் போய்வாருங்கள். புல் முளைப்பதற்கு முன் போன வருடத்து ஸ்கிரேப்கள் பள்ளமாக அப்படியே தெரியும். நார் நாரான கிளைகளும் மரத்திலேயே இருக்கும். அப்போது எவ்வளவு நடந்தாலும் கடாவுக்குத் தொந்தரவில்லை. பெரிய ஸ்கிரேப்கள் வருடா வருடம் அதே கிளைக்கு அடியில்தான் திறக்கும். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்து, வடமேற்குக்கு எந்த மரம், தெற்குக் காற்றுக்கு எந்த மரம் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.